தீபாவளி அன்னைக்கு நான் சொந்த கேப்டனுக்கு ஊளை விட்ட கதை

பன்னெண்டு வருஷமா ராத்திரி கண்ணு முழிச்சு டிவியில பார்த்த ஆர்சனல் ஃபுட்பால் டீமை முதல் தடவையா நேர்ல பார்க்கப் போனது 2019 அக்டோபர் 27, ஞாயித்துக்கிழமை. தேதி மறக்காததுக்குக் காரணம் அன்னைக்கு தீபாவளி. ஆன்சைட் போய் மூணு மாசம் ஆயிருந்துச்சு, லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு வீட்டு மாடியில ரூம், அஞ்சு பேருக்கு ஒரே பாத்ரூம், சுடுதண்ணி நாலாவது ஆளோட தீர்ந்துடும், நான் அஞ்சாவது ஆள். அப்படியும் தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சேன். அம்மா வீடியோ கால்ல "கங்கா ஸ்நானம் ஆச்சா"ன்னு கேட்டாங்க, ஆச்சும்மான்னேன், பல்லு தந்தியடிச்சது அவங்களுக்குத் தெரியல. அதே நாள்தான் அந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைக்கிற நாளும், அதனால சாயங்காலம் நாலரைக்கு மேட்ச் ஆரம்பிக்கும்போதே இருட்டத் தொடங்கிடுச்சு.

டிக்கெட் கிடைச்சதே அதிர்ஷ்டம். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், அறுபதை நெருங்கினவர், ஆர்சனலோட பழைய ஹைபரி மைதானத்துல அவங்க அப்பா தோள்ல உட்கார்ந்து மேட்ச் பார்த்து வளர்ந்த ஆள். அவர் பையனுக்கு அன்னைக்கு வேற வேலை, "சீட் சும்மாதான் இருக்கு, வர்றியா"ன்னார். கேட்கணுமா? ஆர்சனல் ஸ்டேஷன்ல இறங்கினா பிளாட்ஃபார்ம் சுவத்து டைல்ஸ்ல இன்னும் கில்லெஸ்பி ரோடுன்னு பழைய பேர்தான் இருக்கும், அதை போட்டோ எடுத்து எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ஒன்பது பேர் இருக்கிற குரூப், ஊர்ல அப்போ ராத்திரி ஒன்பதரை, எல்லாரும் வெடி போட்டு முடிச்சு வயிறு முட்டத் தின்னுட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தானுங்க. "சக்கைய நேர்ல பார்த்தா நாலு கேள்வி கேட்டுட்டு வாடா"ன்னு உடனே ஒரு பதில் வந்துச்சு.

சக்கைன்னா கிரானிட் ஜாக்கா, அப்போ ஆர்சனல் கேப்டன், மிட்ஃபீல்டர். ஜாக்கா சக்கையாகி ரெண்டு வருஷம் ஆச்சு எங்க குரூப்ல. யார் வச்ச பேருன்னு இப்போ கேட்டா எவனும் ஒத்துக்க மாட்டான், நான்தான் வச்சேன்.

மேட்ச் கிரிஸ்டல் பேலஸோட. ஒன்பது நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல், ரெண்டும் கார்னர்ல இருந்து, சோக்ராட்டிஸ் ஒண்ணு டேவிட் லூயிஸ் ஒண்ணு. எனக்கு வானத்துல பறக்குற மாதிரி இருந்துச்சு, பெரியவர் மட்டும் சிரிக்கல. "இரு, இது ஆர்சனல்"ன்னார். அரைமணி நேரம் தாண்டி பேலஸோட சாஹா பெனால்டி ஏரியாவுல விழுந்தார், ரெஃப்ரி முதல்ல நடிக்கிறான்னு சாஹாவுக்கே மஞ்சள் கார்டு காட்டினார், அப்புறம் வி.ஏ.ஆர்ங்கிற வீடியோ ரெஃப்ரி பார்த்து மாத்தி பெனால்டி குடுத்தார், 2-1. இடைவேளை முடிஞ்சு ஏழாவது நிமிஷம் ஜோர்டான் ஆயூவை பின் போஸ்ட்ல யாரும் பிடிக்கல, தலையால போட்டுட்டார், 2-2. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ரெண்டு கோல்லயும் ஜாக்கா பேரே வராது. ஃபவுல் பண்ணி எதிராளிக்குப் பெனால்டி குடுத்தது நம்ம சேம்பர்ஸ். ஆனா ரெண்டாவது கோல் விழுந்ததுல இருந்து ஜாக்கா காலுக்குப் பந்து போகும்போதெல்லாம் ஸ்டேடியம் முழுக்க ஒரு முனகல் கேட்க ஆரம்பிச்சது. டிவியில இது கேட்காது. அறுபதாயிரம் பேர் கொள்ளுற இடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல பெருமூச்சு விட்டா எப்படி இருக்கும், அந்த சத்தம். அந்த முனகலுக்கு நடுவுலதான் அந்த மனுஷன் பாஸ் போடணும்.

61வது நிமிஷம் சைடுல நம்பர் போர்டு தூக்கினாங்க. ஜாக்கா வெளியே, புக்காயோ சாக்கா உள்ளே, அவனுக்கு அப்போ 18 வயசு. போர்டைப் பார்த்ததும் முதல்ல வந்தது கைத்தட்டல், அதுவும் கேலிக் கைத்தட்டல், கோல் போட்ட மாதிரி கத்தினாங்க. ஜாக்கா மெதுவா நடக்க ஆரம்பிச்சார். 2-2ல இருக்கோம், ஜெயிக்கணும், ஓடி வெளியே போக வேண்டாமா, அந்தக் கடுப்பு நியாயமான கடுப்புதான், அதை இப்பவும் சொல்வேன். அந்த நடையைப் பார்த்ததும் கைத்தட்டல் ஊளையா மாறிடுச்சு. எனக்கு முன் வரிசையில ரெண்டு பேர் எழுந்தாங்க, அங்க சீட்டெல்லாம் மெத்தை வச்சது, எழுந்தா பின்னாடி மடங்கி தொப்புன்னு சத்தம் வரும், அந்த தொப்பு தொப்புங்கிறது வரிசை வரிசையா வந்து என்கிட்ட சேர்ந்தப்போ நானும் எழுந்துட்டேன். ரெண்டு கையையும் வாய்ல குவிச்சு ஊஊஊன்னு வச்சேன் பாருங்க, காலையில எண்ணெய் தேய்ச்ச தலை நரம்பு புடைக்கிற அளவுக்கு.

ஜாக்கா ரெண்டு கையையும் மேல தூக்கி இன்னும் கத்துங்கடாங்கிற மாதிரி காட்டினார். காதுல கை வச்சுக் காட்டினார். ஏதோ திட்டினார், அது எங்க உயரத்துல இருந்து தெரியல, மொபைல்ல வந்தப்போதான் தெரிஞ்சது. ஜெர்சியைக் கழட்டிட்டு பெஞ்ச்ல கூட உட்காராம நேரா உள்ள போயிட்டார்.

இங்க ஒரு உண்மையைச் சொல்லியே ஆகணும், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். அந்த ஊளை விட்டப்போ எனக்குக் கோபமே இல்ல. சுகமா இருந்துச்சு. மூணு மாசமா அந்த ஊர்ல யார்கூடயும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணினதில்ல, ரயில்ல ஏறினா எல்லாரும் மொபைலைப் பார்ப்பாங்க, ஆபீஸ்ல வெதர் பேசுவாங்க, பண்டிகை அன்னைக்குத் தனியா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சவன் நான். அந்த ஒரு நிமிஷம் சுத்தி இருந்த ஆயிரக்கணக்கான பேரும் நானும் ஒரே தொண்டை. முன்னாடி நின்னவன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான், சொந்தக்காரனைப் பார்க்குற மாதிரி. ரெண்டு கோல் விழுந்தப்போ கூட அவன் என் பக்கம் திரும்பல.

பெரியவர் எழுந்திருக்கல. மேட்ச் முழுக்க ஜாக்காவை முணுமுணுன்னு திட்டினவர் அவர்தான், "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணித் தொலை"ன்னு. ஆனா ஊளை விட்டப்போ கோட்டு பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுட்டு முழங்காலையே பார்த்துட்டு இருந்தார். கடைசியில சோக்ராட்டிஸ் போட்ட இன்னொரு கோலையும் வி.ஏ.ஆர் ரத்து பண்ணி, 2-2லயே முடிஞ்சு, வெளியே வந்து கூட்டத்தோட கூட்டமா நகர்ந்து ரயில் ஏறினதுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தார். "நான் எபூவேவுக்கு ஊளை விட்டவன்"ன்னார்.

அந்த மேட்சை நான் சென்னையில டிவியில பார்த்திருக்கேன். 2008 டிசம்பர், விகான் டீம் கூட. ஆர்சனல் ஆட்டக்காரர் இமானுவேல் எபூவே காயத்துல இருந்து அப்போதான் திரும்பி வந்திருந்தார், நஸ்ரிக்கு அடிபட்டதால முதல் பாதியிலயே இவரை சப்ஸ்டிடியூட்டா இறக்கி, பழக்கமே இல்லாத இடது பக்கம் ஆட விட்டாங்க. தொட்ட பந்தெல்லாம் எதிராளிகிட்டயே போச்சு. ஊளை தாங்க முடியாம கடைசியில மேனேஜர் வெங்கரே அவரை வெளியே கூப்பிட்டுட்டார், மனுஷன் நொறுங்கிப் போய் நடந்து போனார். அந்த மேட்ச் ஆர்சனல் 1-0ன்னு ஜெயிச்சது. ஜெயிச்ச மேட்ச்ல சொந்த ஆளை அழ விட்ட கூட்டம், அப்புறம் குத்த உணர்ச்சி தாங்காம எபூவேவை செல்லப்பிள்ளையா வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பாட்டுப் பாடினாங்க. "அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஜெயிச்சீங்களான்னு கேட்டா, எனக்கு டக்குன்னு ஞாபகம் வரல"ன்னார் பெரியவர். அவ்வளவுதான் சொன்னார். நான் அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள குரூப்ல டைப் பண்ணிட்டு இருந்தேன்: "சக்கையைப் பொட்டலம் கட்டி பாசெலுக்கே அனுப்புங்கடா, இவன்லாம் கேப்டனாம்." பாசெல் ஜாக்கா பிறந்த சுவிஸ் ஊர். ஏழு பேர் சிரிச்சு வச்சிருந்தானுங்க. ஒருத்தன் மட்டும் எதுவும் போடல. அவனைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

அதோட விட்டேனா, இன்ஸ்டாகிராம்ல ஜாக்கா போட்டோ ஒண்ணுக்குக் கீழ போய் ஒரு வார்த்தையும் போட்டுட்டு வந்தேன். கெட்ட வார்த்தை இல்ல, "வெளியே போ", அவ்வளவுதான். நாலு நாள் கழிச்சு அக்டோபர் 31, ஜாக்கா ஒரு அறிக்கை விட்டார். தனக்கு என்னென்ன வந்துச்சுன்னு அதுல எழுதியிருந்தார். காலை உடைப்போம், உன் பொண்டாட்டியைக் கொல்லுவோம், உன் மகளுக்குப் புத்துநோய் வரணும். குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆயிருந்துச்சு. படிச்சதும் நான் இதெல்லாம் எழுதலையேன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் என் கமெண்டை அழிக்கலாம்னு அந்தப் போட்டோவுக்குப் போனேன், தேடிக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. என்னுதுக்கு மேல ஒருத்தன் பாம்புப் படம் போட்டிருந்தான், கீழ ஒருத்தன் குழந்தையை இழுத்திருந்தான், நடுவுல நான் சாதுவா "வெளியே போ". ஊர்வலத்துல நான் கல்லு எறியல, கொடி மட்டும்தான் பிடிச்சேன்னு சொல்ற மாதிரிதான் அது.

நவம்பர் 5 அவர்கிட்ட இருந்து கேப்டன் பட்டையைப் பிடுங்கி ஆபமேயாங்குக்குக் குடுத்தாங்க. ஆளை டீம்லயே எடுக்கல. சரி, சக்கையைத் தூக்கிப் போட்டாச்சு, இனி ஜூஸ் வரணும் இல்லையா? அவர் இல்லாத மேட்ச் எல்லாம் என்ன ஆச்சுன்னு பாருங்க. லிவர்பூல்கூட கப் மேட்ச் 5-5, பெனால்டில அவுட். வுல்வ்ஸ் 1-1. யூரோப்பா லீக்ல கிமரேஸ் 1-1. லெஸ்டர்கிட்ட 0-2. அடிமட்டத்துல கிடந்த சவுத்தாம்ப்டன்கூட சொந்த மைதானத்துலயே 2-2. அஞ்சு மேட்ச்ல ஒரு வெற்றி கூட இல்ல. நவம்பர் 29 மேனேஜர் உனாய் எமெரியை வீட்டுக்கு அனுப்பினாங்க. நோய் எங்கயோ இருக்க, வலிக்குதுன்னு பல்லைப் பிடுங்கின கதை. அந்த அஞ்சு மேட்ச்லயும் குரூப்ல என்ன பேசினோம்னு நினைக்கிறீங்க? புதுசா ஆள் தேடிட்டு இருந்தோம். ஒரு வாரம் டேவிட் லூயிஸ், ஒரு வாரம் ஓசில்.

ஏன் ஜாக்கா மேலயே விழுந்துச்சுன்னு அப்புறம் நிறைய யோசிச்சேன். டீம்லயே மோசமான ஆட்டக்காரன் பெரும்பாலும் பலிகடா ஆக மாட்டான், அவனை பெஞ்ச்ல உட்கார வச்சுடுவாங்க. பந்தை அதிகமா கேட்டு வாங்குறவன்தான் மாட்டுவான். ஜாக்காவுக்கு வேலையே டிஃபென்ஸ்கிட்ட போய் பந்தை வாங்கி முன்னாடி கொண்டு போறது. அழுத்தம் வந்தா சில பேர் எதிராளி முதுகுக்குப் பின்னாடி நைஸா ஒளிஞ்சுக்குவாங்க, அவங்களுக்கு பாஸும் வராது தப்பும் வராது, நம்ம கண்ணுக்கு அவங்க நல்லவங்க. இவர் ஒளியவே மாட்டார், நூறு தடவை தொட்டா நாலு தப்பாகும், அந்த நாலும் நம்ம கோலுக்கு முன்னாடியே நடக்கும். அதோட ஆள் வேகம் கம்மி, ரெண்டு ஓரத்துலயும் டிஃபென்ஸ் ஆடுற ஃபுல்பேக்குங்க மேல ஏறிப் போயிட்டா நடுவுல பெரிய மைதானத்தை ஒத்த ஆளா காக்கணும், ஆள் தாண்டிப் போயிட்டா காலை விடுவார், ஃபவுல். அந்த ஏற்பாட்டைப் பண்ணினது மேனேஜர், ஆளை எடுத்தது கிளப். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சின்ன வயசுல படிச்சோமே, அதேதான், ஆனா மைதானத்துல எய்தவன் கோட்டு போட்டு ஓரமா நிக்கிறான், அம்பு மட்டும்தான் ஜெர்சி போட்டு நடுவுல தெரியுது.

நான் ஒண்ணும் அவருக்கு வக்கீல் இல்ல. அந்த வருஷம் மே மாசம் பிரைட்டன் மேட்ச்ல பெனால்டி குடுத்தது அவர்தான், செப்டம்பர்ல டாட்டன்ஹாம் கூட சோன் மேல சறுக்கி விழுந்து பெனால்டி குடுத்ததும் அவர்தான், 2021ல மான்செஸ்டர் சிட்டிகிட்ட 5-0 வாங்கினப்போ முதல் பாதியிலயே சிவப்பு கார்டு வாங்கிட்டு போனதும் அவர்தான். விமர்சனம் பண்ணலாம். ஆனா அதே 2019 செப்டம்பர்ல வாட்ஃபோர்டுகிட்ட 2-0ல இருந்து 2-2 ஆனப்போ, ரெண்டாவது பாதியில பயந்துட்டோம்னு உள்ளதை உள்ளபடி சொன்னார் பாருங்க, அதுக்குத்தான் இன்னும் அதிகமா திட்டினோம். அடுத்த வாரம் ஆஸ்டன் வில்லா மேட்ச், 3-2ன்னு ஜெயிச்ச மேட்ச், அதுல அவரை வெளியே எடுத்தப்போ சந்தோஷத்துல கத்தினாங்க. அதுக்குப் பத்து நாளுக்குள்ள சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு, எமெரி அவரையே கேப்டனாக்கினார். கூட ஆடுறவனுக்கு ஒரு ஆள் தெரியுது, கேலரியில இருக்கிறவனுக்கு வேற ஆள் தெரியுது. அவங்க அப்பா யூகோஸ்லாவியாவுல போராட்டத்துல கலந்துக்கிட்டதுக்காக மூணு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தவர். அந்த வீட்டுப் பையன் ஊளைக்குத் தலையைக் குனிஞ்சுட்டுப் போவான்னு நாங்க எப்படி எதிர்பார்த்தோமோ.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1950 உலகக் கோப்பை கடைசி மேட்ச்ல மரக்கானாவுல உருகுவேகிட்ட பிரேசில் 2-1 தோத்தப்போ, ரெண்டாவது கோலை விட்ட கோல்கீப்பர் மோவசிர் பார்போசாவை அந்த நாடு சாகுற வரைக்கும் மன்னிக்கல. எங்க நாட்டுல அதிகபட்ச தண்டனையே 30 வருஷம், நான் 50 வருஷமா அனுபவிக்கிறேன்னு அவர் சொன்னது பிரபலம், 2000ல செத்துப் போனார். டீம்ல பதினொரு பேர், பழி விழுந்தது பார்போசா, பிகோடே, ஜுவெனால்னு மூணு கறுப்பின ஆட்டக்காரங்க மேல. 1994ல சேம் சைடு கோல் போட்ட கொலம்பியாவோட ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை ஊர் திரும்பினதும் சுட்டே கொன்னாங்க, கோல் விழுந்து பத்தே நாள்ல. இன்னொரு பக்கம் காமெடியும் உண்டு, மான்செஸ்டர் யுனைடெட் ஹாரி மகுவயரை கானா நாட்டு பார்லிமென்ட்ல இழுத்தாங்க. 2022ல பட்ஜெட் விவாதத்துல ஐசக் அடோங்கோன்னு ஒரு எம்.பி, எங்க துணை ஜனாதிபதி பொருளாதாரத்தை நடத்துறது மகுவயர் டிஃபென்ஸ் ஆடுற மாதிரின்னு பேசினார், அடுத்த வருஷம் அதே சபையில மகுவயர்கிட்ட மன்னிப்பும் கேட்டார். பிரேசில், கொலம்பியா, கானா எல்லாம் சுத்திட்டு கடைசியில நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு. 2021 யூரோ பைனல் பெனால்டியில இங்கிலாந்தோட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூணு பேர் விட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே மூணு பேர் மேலயும் இனவெறிக் கமெண்ட். கடைசியா அடிச்சவன் சாக்கா, 19 வயசு. 2019ல ஜாக்கா வெளியே போனப்போ உள்ள ஓடி வந்த அதே பையன். எங்க குரூப்ல எல்லாரும் சாக்காவுக்கு இதயம் போட்டோம், இங்கிலாந்துக்காரனுங்க மனுஷங்களாடான்னு கொதிச்சோம். நானும்தான் கொதிச்சேன். கொதிச்சு முடிச்சதுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வரல.

இப்போ டர்ஃப் கதைக்கு வரேன், ஏன்னா எனக்கு உண்மையிலேயே உறைச்சது அங்கதான். லாக்டவுனுக்குக் கொஞ்சம் முன்னாடி சென்னைக்குத் திரும்பிட்டேன். 2021 கடைசியில ஆபீஸ் பசங்க சேர்ந்து வேளச்சேரி பக்கம் ஒரு டர்ஃப்ல வியாழக்கிழமை ராத்திரி ஆட ஆரம்பிச்சோம், ஆளுக்கு இவ்வளவுன்னு காசு போட்டு. கடைசியா வந்து சேர்ந்த ஜூனியர் பையன் ஒருத்தன், தஞ்சாவூர்க்காரன். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, அவனை கோல்கீப்பர் ஆக்கிட்டோம். கிளவுஸ் கூட கிடையாது. கோல் விழுந்தா "டேய் ஓட்டை"ம்போம். சிரிச்சுக்குவான். ஒரு மாசம் சிரிச்சான். ஒரு வியாழன் இன்னொரு கம்பெனி டீம்கிட்ட 7-3 வாங்கினோம், அன்னைக்கு யாரோ "பேசாம கோல் போஸ்ட்டை மட்டும் நிக்க விட்டிருந்தா கூட ரெண்டு கோல் தடுத்திருக்கும்"னான், யாரோ என்ன யாரோ, நான்தான். அடுத்த வாரம் அவன் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. ப்ராஜெக்ட் பிஸின்னான். நான் அதே புளோர்லதான் உட்காருவேன், எவ்வளவு பிஸின்னு எனக்குத் தெரியாதா.

டர்ஃப்ல கேமரா இருக்கும், கேட்டா வீடியோ அனுப்புவாங்க. நான் போட்ட ஒரு கோலை ஸ்டேட்டஸ்ல வைக்கணும்னு அந்த 7-3 வீடியோவை வாங்கினேன். என் கோல் வர்றதுக்கு முன்னாடி அவங்க போட்ட கோல் ஒண்ணைப் பார்க்க வேண்டியிருந்துச்சு. பந்து வலைக்குப் போறதுல இருந்து பின்னாடி தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இடது பக்கம் நான் பந்தை விட்டுட்டு, இடுப்புல கை வச்சு, ரெஃப்ரியே இல்லாத மேட்ச்ல யார்கிட்டயோ ஃபவுல் கேட்டுட்டு நிக்கிறேன். என்னைத் தாண்டிப் போனவன் தனியா போறான், நம்ம பையன் முன்னாடி வந்து முழங்காலைக் கீழ போட்டுப் பாய்றான், கோல். அடுத்த கோலைப் பார்த்தேன். அதே இடம், அதே இடுப்பு, அதே கை. ஏழு கோல்ல நாலு கோல் என் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சது. ஒவ்வொரு தடவையும் கோல் விழுந்ததும் முதல்ல கையை விரிச்சு கீப்பரைப் பார்த்துக் கத்துறது யாருன்னு நினைக்கிறீங்க. சத்தம் இல்லாத வீடியோ, ஆனா வாய் அசையுறது நல்லாத் தெரியுது. ஆர்சனலோட எமிரேட்ஸ் ஸ்டேடியத்துல ஜாக்கா வாய் எனக்குத் தெரியல, என் வாய் வேளச்சேரி கேமராவுல தெளிவா விழுந்திருக்கு.

அதுக்கப்புறம் சில பழக்கத்தை மாத்திக்கிட்டேன், உங்களுக்கும் உதவலாம். டிவியில மேட்ச் பார்க்கும்போது கோல் விழுந்தா ரீப்ளேல கடைசி ஆளைப் பார்க்காதீங்க, ஒரு இருபது செகண்ட் பின்னாடி போய் பந்தை எங்க விட்டாங்கன்னு பாருங்க. பாதிக்குப் பாதி தடவை நீங்க திட்ட நினைச்ச ஆள் அடுத்தவன் வச்ச தீயை அணைக்க ஓடி வந்தவனா இருப்பான். நேர்ல பார்க்க வாய்ப்பு கிடைச்சா பந்தை விட்டுட்டு உங்களுக்குப் பிடிக்காத ஆட்டக்காரனை மட்டும் பத்து நிமிஷம் பாருங்க, போரடிக்கும், ஆனா டிவி காட்டாததெல்லாம் தெரியும், எத்தனை தடவை கை காட்டி ஆளை நகர்த்துறான், எத்தனை தடவை சும்மா ஓடி ஓட்டையை அடைக்கிறான்னு. ஆளைத் தூக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல யாரைப் போடுவன்னு நீங்களே பேர் சொல்லிப் பாருங்க, பேர் வரலைன்னா பிரச்சினை ஆள்கிட்ட இல்ல, ஆள் எடுத்தவன்கிட்ட.

தோத்த ராத்திரி எதுவும் போடுறதில்லைன்னு ஒரு சட்டம் வச்சிருக்கேன். கை அரிச்சா மொபைல் நோட்ஸ்ல டைப் பண்ணிடுவேன், காலையில காபி குடிச்சுட்டு படிச்சா முக்கால்வாசி படிக்கவே கூச்சமா இருக்கும். ஆட்டக்காரனை டேக் பண்ணி, அவன் போட்டோவுக்குக் கீழ போய் எழுதுற வேலையே கிடையாது, ஆயிரம் பேர் எழுதுறதுல என்னோடது ஒண்ணு என்ன பண்ணிடப் போகுதுன்னு தோணும் பாருங்க, மத்த ஆயிரம் பேரும் அதையேதான் நினைச்சிருப்பானுங்க.

குரூப்ல இதைவிடக் கஷ்டம். ஏன்னா நாங்க ஒன்பது பேரும் ஒண்ணா சிரிக்கிறதே யாரையாவது ஓட்டும்போதுதான். ஒருத்தன் துபாய், ஒருத்தன் கோயம்புத்தூர், கல்யாணம், குழந்தை, ஈ.எம்.ஐ, பேச வேற பொதுவா என்ன இருக்கு? சக்கையை எடுத்துட்டா குரூப் செத்துடுமோன்னு நிஜமாவே பயம். நான் கண்டுபிடிச்ச வழி, திட்டணும்னா முடிவைத் திட்டுறது. ஏன் அவனை அந்த நேரத்துல இறக்கினான், ஏன் அந்தக் காசு குடுத்து வாங்கினான், ஏன் ரெண்டு ஃபுல்பேக்கும் ஒண்ணா மேல போறானுங்க, இதுல சண்டை போட விஷயம் நிறைய இருக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும். உடனே எல்லாரும் மாற மாட்டானுங்க. ஒருத்தன் முதல்ல "டேய் போதும்டா"ன்னு சொல்லணும், சொன்னா அவனையும் சேர்த்து ஓட்டுவாங்க, தாங்கிக்கணும்.

அந்த "டேய் போதும்டா" எங்க குரூப்ல 2019லயே சொன்னவன் ஒருத்தன் இருந்தான். முன்னாடி சொன்னேனே, சிரிப்புப் போடாதவன்னு. அவனுக்கு நாங்க வச்ச பேர் சக்கை வக்கீல். ஆர்டெட்டா மேனேஜரா வந்ததும், பெட்டி கட்டி பெர்லின் ஹெர்தா கிளப்புக்குக் கிளம்பத் தயாரா இருந்த ஜாக்காவைப் பேசி நிறுத்தி வச்சார் இல்லையா, அப்போ வக்கீல் ஒரு தடவை "பாருங்கடா"ன்னான், நாங்க கும்மி எடுத்துட்டோம். 2020 எஃப்.ஏ கப் பைனல்ல செல்சியைத் தோற்கடிச்ச டீம்ல ஜாக்கா ஆரம்பத்துல இருந்தே ஆடினார், அப்பவும் கப்பைப் பத்திப் பேசினோம், அவரைப் பத்தி எவனும் பேசல. 2022-23ல ஆர்டெட்டா அவரை இன்னும் மேல ஏத்தி இடது பக்க மிட்ஃபீல்டுல ஆட வச்சார், ஆள் அதே ஆள்தான், நிக்கிற இடம் மட்டும் மாறுச்சு, லீக்ல ஏழு கோல். 2023 மே 28 அந்த சீசனோட கடைசி மேட்ச் வுல்வ்ஸ் கூட, முதல் கால்மணி நேரத்துக்குள்ள ஜாக்கா ரெண்டு கோல் போட்டார், 5-0. ஊர்ல அப்போ ராத்திரி ஒன்பது மணி மேட்ச், சாப்பிட்டுட்டே பார்த்துட்டு இருந்தேன், நான் நின்னு ஊளை விட்ட அதே ஸ்டேடியம் கிளப்பை விட்டுப் போகாதேன்னு அவருக்குப் பாட்டுப் பாடுது. குரூப்ல ஒரே இதயமா கொட்டுது. "லெஜண்ட்டா அவரு"ன்னு எழுதினேன் நான், வெக்கமே இல்லாம. வக்கீல் ஒரு வார்த்தை எழுதல, ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டான். 2019 அக்டோபர் 27, பொட்டலம் கட்டி பாசெலுக்கு அனுப்புங்கடா, என் பேர், ஏழு சிரிப்பு. இவ்வளவு வருஷம் பத்திரமா வச்சிருந்திருக்கான் படுபாவி. அடுத்த வருஷம் ஜாக்கா லெவர்குசன்ல ஒரு தோல்வி கூட இல்லாம ஜெர்மன் லீக் ஜெயிச்சு, கப் பைனல்ல ஒரே கோலையும் அவரே போட்டப்போ கூட, வக்கீல் அதே ஸ்கிரீன்ஷாட்டைத்தான் திரும்பவும் போட்டான்.

தஞ்சாவூர் பையன்கிட்ட வீடியோ பார்த்த மறுநாளே போனேன். பான்ட்ரியில காபி மெஷின் முன்னாடி நின்னுட்டு இருந்தான். மன்னிப்புக் கேட்க நமக்கு எங்க வருது, மொபைலை நீட்டி "இதைப் பாரு"ன்னேன். நாலு கோலையும் பார்த்தான், சிரிக்கல. "தெரியும்ணா, நான்தான் பின்னாடி நின்னு பார்த்துட்டே இருந்தேனே"ன்னான். இந்த வியாழன் வாடான்னேன், பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர்னு கீப்பரை மாத்திக்கலாம், பந்தை விட்டவன் தானே முதல்ல என் தப்புன்னு சொல்லணும்னு பேசி வச்சிருக்கோம்னேன். அப்படி யார்கிட்டயும் இன்னும் பேசியிருக்கல, அவன்கிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் போன் போட்டேன்.

"வரேன்ணா, ஆனா முதல் பத்து நிமிஷம் கீப்பர் நீங்க"ன்னான். நின்னேன். ரெண்டு விழுந்துச்சு.